மலைக்கு விருப்ப ஓய்வு

மிச்சமாகக் கிடைத்த கன்றின் காதை, எண் அட்டையோடு சேர்த்து, வனத்துறை அதிகாரியின் மேசைமேல் போட்டாள் கெல்சி.

"இந்தக் கோடையில இது ஆறாவது! ஓநாயைச் சுடாம எங்கப்பாகிட்ட எதுக்குக் கையெழுத்து கேக்குறீங்க?"

"நாங்க கேக்கலம்மா. அவரேதான் வந்தாரு," என்றார் அதிகாரி.

அப்பா லைல் தலையைத் தூக்கவில்லை. அமெரிக்காவின் இடாஹோவில் நாலு தலைமுறையாக அவர்கள் மாடு மேய்த்த அரசாங்க மலை. இன்று மேய்ச்சல் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், இனி எவன் மாடும் அங்கே கால் வைக்க முடியாது. இதற்குப் பேர் விருப்ப ஓய்வாம்.

குடும்பத்தின் முதல் கல்லூரிப் பட்டத்தை வாங்கிக்கொண்டு கெல்சி ஊர் திரும்பியதே அந்த மலைக்காகத்தான். அண்ணன் டஸ்டின் போன வருஷம் அங்கே குதிரையோடு உருண்டு செத்தான். இந்த ஜூனில் மாடுகளை மேலே ஓட்டிப் போனவள் அவள்தான்.

"ஓநாய் கொன்னதுதானான்னு ஆய்வாளர் வந்து பாத்திருந்தா நஷ்டஈடாவது கிடைச்சிருக்கும். அவர் வர்றதுக்குள்ள அம்மா ஒவ்வொண்ணையும் புதைச்சுட்டா!"

"அப்படியே போட்டு வெச்சா இன்னும் நாலு ஓநாய் வருமேடி," என்றாள் அம்மா வெர்னா.

அதிகாரி படிவத்தைப் பார்த்துக் கேட்டார்: "லைல், யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தலையே?"

"ஓநாயைத் தவிர யாருமில்ல."

பேனா எழுதவில்லை. அதிகாரி வேறொன்று கொடுத்தார். அப்பா கையெழுத்துப் போட்டார்.

வாசலில் பக்கத்துப் பண்ணைக்காரன் வாய் நிறையப் புகையிலையோடு நின்றிருந்தான். "என்ன லைல், மலையை ஓநாய்க்கு எழுதிக் குடுத்துட்டியாமே? வீட்டைக் கரடிக்கு எழுதிடு!"

அப்பா காது கேளாதவர் மாதிரி நடந்துபோய் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டார்.

கெல்சி தன் வண்டியிலிருந்து துப்பாக்கியை உருவினாள். "நான் மலைக்குப் போறேம்மா. அந்த ஓநாயைக் கொல்லாம கீழ இறங்க மாட்டேன்."

வெர்னா ஓடிவந்து துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டாள். எவ்வளவு இழுத்தும் விடவில்லை.

"அம்மா, விடு! அது எங்க இருக்குன்னு கண்டுபிடிக்க எனக்குத் தெரியும்."

"ஏறாதடி... ஒரு பிள்ளையை அந்த மலைக்குக் குடுத்தது போதும்." வெர்னாவின் குரல் இறங்கிவிட்டது.

"அந்த ஓநாய் நான்தான்."