வாசலில் ஏழு பேர்

எங்கள் வேலைநிறுத்தத்தின் பன்னிரண்டாம் நாள், எங்களை விரட்ட மேனேஜர் ஊர் தாதாவிடம் சொல்லி ஏற்பாடு செய்த ஏழு அடியாட்கள் வந்தார்கள். அந்தத் தாதாவை அவர்கள் ‘அண்ணன்’ என்பார்கள். முன்னால் வந்தவன் பெயர் கொக்கி. இடது கையில் பெரிய கட்டு.

தையல் ஆலையின் கேட்டில் நாங்கள் ஒட்டியிருந்த கோரிக்கைத் தாளை உரித்தெடுத்து வாசித்தான்.

“வேலையில அடிபட்டா வைத்தியச் செலவு முதலாளி தரணுமா? கூடுதல் நேரத்துக்கு ரெட்டைச் சம்பளமா? கொழுப்புதான்!”

“உன் கைக்கட்டுக்கு உங்க அண்ணன் அஞ்சு பைசா குடுத்தாரா?” என்றேன்.

முறைத்தான். “இங்க தலைவி யாரு?”

“நான்தான்.”

“முதல் நாள் எத்தனை பேரு உக்காந்தீங்க?”

“ஆறு பேரு. இப்ப எண்ணிப் பாரு.”

“அடிச்சா?”

“அடிச்சுப் பாரு. ஒருத்தியும் எந்திரிக்க மாட்டா.”

தாளை மடித்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு போனான். மாடி ஜன்னலில் மேனேஜர் சிரித்தார்.

“நாளைக்குப் பெரிய படையோட வருவான்க்கா” என்றாள் என் தங்கை.

“வரட்டும்.”

மறுநாள் மதியம்வரை யாரும் வரவில்லை. மேனேஜர் போனும் கையுமாக ஜன்னலுக்கும் கதவுக்கும் அலைந்தார்.

அப்புறம் கொக்கி மட்டும் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

“அக்கா, ஒரு கொடி இருந்தா குடுங்க. எங்க அண்ணன் பங்களா வாசல்ல ஏழு பேரும் உக்காந்துட்டோம். உங்க தாளையேதான் ஒட்டியிருக்கோம். முதலாளிங்கிறதை மட்டும் அடிச்சிட்டு அண்ணன்னு எழுதிட்டோம்.”

“அவர் என்ன சொல்றாரு?”

“ஆளை விட்டு அடிப்பேங்கிறாரு.” கொக்கி முதல் தடவையாகச் சிரித்தான். “எந்த ஆளை விடுவாரு? அவருகிட்ட இருந்த ஆளே நாங்க ஏழு பேருதானே!”