ஒரு நாள் பின்னால்

கூரை ஓட்டை வழியே இறங்கும் வெயிலில் செங்கேணி தன் அடைக்கோழியின் முட்டையைத் தூக்கிப் பிடிக்கிறாள். ஓடு சிவந்து, உள்ளே சிலந்திக்கால் போல் ரத்தக்கோடுகள் படர்ந்திருக்க, நடுவில் கரும்பொட்டு ஒன்று மெல்ல ஆடுகிறது. குஞ்சின் மூளையில் நாளுக்கு நாள் மாறும் ரசாயனத்தை அளக்கப் பட்டணத்திலிருந்து வந்திருக்கும் பேராசிரியர் முத்துகிருஷ்ணனுக்கு அடைவைத்த எட்டாம் நாள் மூளை வேண்டும். அவருடைய நோட்டில் இன்று எட்டு. “ஏழுதான் சார். நடுவுல மழைல கோழி எறங்கிப் போய்ப் பொழுதுக்கும் வரல. முட்டை குளுந்து, வளத்தி ஒரு நாள் பின்னால கீது.” அவர் குனிந்து உற்றுப் பார்க்கிறார். எட்டாம் நாளுக்குப் பொட்டு சிறிதுதான். மூளையை எடுத்து வைக்க வாலாஜாபாத்திலிருந்து உமியில் புதைத்துக் கொண்டுவந்த ஐஸ் வாசலில் சொட்டிக்கொண்டிருக்கிறது. எட்டை அடித்து ஏழென்று எழுதிவிட்டு, முட்டையை இரு கைகளாலும் வாங்கிக் கோழியின் வயிற்றடியில் அவரே திரும்ப வைக்கிறார்.