கழுவாத ஜீப்பு

காளீஸ்வரியின் சொல்லுக்காக மூன்று நாளாகக் கழுவாத ஜீப்பு, இன்றும் மலைக்குப் போய்வந்து வாசலில் நிற்கிறது. ஏலத்தோட்டத்து மலைச்சேறு சக்கரத்தில் ஈரமாய்க் கறுத்தும், கதவில் காய்ந்து வெளிறியும் கிடக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான், உள்ளங்கையில் அடங்கும் பொம்மை டாங்கியின் சங்கிலிப் பட்டைகளில் வண்ணப்பொடியையும் பசையையும் குழைத்துப் பல்குச்சியால் அப்பியிருக்கிறாள். நாளை மதுரையில் பொம்மை வண்டி செய்பவர்களுக்கான போட்டி. மதியம் பூசிய வார்னிஷ் காய்ந்த பிறகும், சாயங்கால வெளிச்சத்தில் சேறு நனைந்தது போலவே மினுங்குகிறது. “இன்னைக்காச்சும் வண்டியக் கழுவ விடு, ஆத்தா,” என்றபடி வந்த அண்ணன் பிரபாகரன், டாங்கியைப் பார்க்கக் குனிந்தவர் நிமிரவில்லை. “நேத்து வண்டி மாட்டுன வளைவுல இந்தச் சேறுதான் கெடந்துச்சு,” என்கிறார் மெதுவாக. தயங்கி ஒற்றை விரலால் தொடுகிறார். உடனே விரலைக் கைலியில் துடைக்கிறார். கைலியில் கறை இல்லை. மறுபடியும் துடைக்கிறார்.