உரிமையாளர் நேரில் வரவேண்டும்

சூரிய மின்தகட்டின் பக்கத்தில் மின் இணைப்புக்கு உரியவர் நிற்க வேண்டும், அவர் முகத்தைச் செல்போன் செயலி பார்க்க வேண்டும், அப்போதுதான் மானியம். இணைப்போ, என்றைக்கோ செத்துப்போன மாமனார் ஏகாம்பரத்தின் பெயரிலேயே இருந்தது. பெயரை மாற்ற இத்தனை வருடமாக யாருக்கும் நேரம் வாய்க்கவில்லை. மரகதவல்லி வீட்டைப் பூட்டிக்கொண்டு, மாலை போட்ட படத்தை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போனாள். தகடு மாட்ட வந்த ரியாஸ் செல்போனை நீட்டினான். பச்சை வட்டத்துக்குள் மாமனாரின் முகம் கச்சிதமாகப் பொருந்தியது.

“அக்கா, கண்ணைச் சிமிட்டச் சொல்லுது.”

உயிரோடு இருந்தபோதே சிமிட்டாமல் முறைத்தவர். ஆள் உட்கார்ந்திருக்கும்போதே ஃபேனை அணைத்துவிட்டுப் போகிறவர். அவள் படத்தின் காதருகே குனிந்தாள்.

“மாமா, இனிமே கரண்டு பில்லே வராதாம். ஒரே ஒரு தடவை.”

காற்று இல்லை. மாலைகூட அசையவில்லை.

“டிக் விழுந்துடுச்சுக்கா” என்ற ரியாஸ், செல்போனைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான், பிறகு படிக்கட்டு எந்தப் பக்கம் என்று பார்த்தான்.

மரகதவல்லி படத்தை இடுக்கிக்கொண்டு சந்தோஷமாக இறங்கிவந்து பூட்டைத் திறந்தாள். கூடத்தில் அவள் ஓடவிட்டுப் போன ஃபேன் நின்றிருந்தது. கரண்டு இருந்தது. ஸ்விட்சைத்தான் யாரோ அணைத்திருந்தார்கள்.