சுண்ணாம்புக் கலயம்

பவுல் சொல்லும் இந்தக் கதையில் அவர் கூட்டாளி ரோச்சுக்குப் பல வருஷமாகவே சந்தேகம். கதை நடந்த இடத்தில் அவரும் இருந்தார். அதனாலேயே சந்தேகம்.

இன்று பவுலின் பேரனுக்கு ஞானஸ்நான விருந்து. இலையில் சோறு விழுமுன்பே பவுல் ஆரம்பித்துவிட்டார்.

"ஹார்பர் பக்கத்துல சிவனாண்டின்னு ஒருத்தன் கள்ளுக்கடை வச்சிருந்தான். சுத்தமான கள்ளுன்னு ஊரெல்லாம் பேரு. அந்தக் களவாணிப்பய எனக்கு மட்டும் ஒரு வருஷமா பதநீர ஊத்தியிருக்கான்."

மறுபடியுமா என்று ரோச் தலையில் கை வைத்தார்.

நடந்தது என்னவோ உண்மைதான். பவுலின் தோணியில் வேலை பார்த்த செபாஸ்டின், ஒருநாள் கை மாறிப் பவுலின் கலயத்தை எடுத்துவிட்டான். ஒரு வாய்தான் குடித்தான். துப்பினான்.

"ஏலே சிவனாண்டி, இது கள்ளா? இனிக்குது. சுண்ணாம்பு தடவுன கலயத்துப் பதநீர்லா இது."

பவுல் எழுந்து கலயத்தைத் தரையில் அடித்தார். "என்னையே ஏமாத்துதியாலே?"

சிவனாண்டி அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். "தப்புதான் அண்ணாச்சி" என்றான். குனிந்து உடைந்த ஓடுகளைப் பொறுக்கினான்.

கள்ளில் ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்காதவன். அன்றிலிருந்து அவன் பெயர் சுண்ணாம்புச் சிவனாண்டி. ஒருத்தரும் கடைப்பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. சர்க்கார் கள்ளுக்கடைகளை மூடச் சொன்னபோது, அவனுக்கு மூடுவதற்குக் கடையே இல்லை. இப்போது வேம்பாரில் உப்பு மூட்டை சுமக்கிறான்.

"இனிப்பா இருந்தா விட்டுத்தொலைச்சிட்டு வேற கடைக்குப் போறது?" என்றார் பந்தியில் ஒருவர்.

"தோணிய ஓட்டுத தண்டல்லா நான். என் ஆளுக பூரா அங்கனதான் இருப்பானுவ. கூட உக்காந்து குடிக்காத தண்டலை எவன் மதிப்பான்?"

குழம்பு ஊற்ற வந்த அவர் மனைவி கிளாடிஸ் சிரித்தாள். "அவன் ஏமாத்துனதும் நல்லதுக்குத்தான். இனிமே கள்ளு உள்ள போச்சுன்னா ஆள் மிஞ்சாதுன்னு இவுகளுக்கு டாக்டர் சொன்ன வருஷம் அது. குடல்புண்ணு தன்னால ஆறிட்டு."

பந்தியே சிரித்தது. பவுல்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

ரோச் சோற்றை ஓரமாக ஒதுக்கினார். காலையில் பஸ் ஸ்டாண்டில் சிவனாண்டியைப் பார்த்திருந்தார். தோள் காய்த்துப்போய் நின்றவன் முதலில் கேட்டதே, "பவுல் அண்ணாச்சிக்கு இப்ப வயிறு தேவலையா?" என்றுதான்.

ரோச் இலையை மூடினார். பந்தி அடங்கும்வரை காத்திருந்தார்.

"ஏலே பவுலு, அந்த வருஷம் பூரா தினமும் உன்னக் கைத்தாங்கலா வீட்டுல கொண்டாந்து விட்டது நான்தான். வெறும் பதநீருக்கா நீ அப்படித் தள்ளாடுன?"