ஒன்பதாம் விதி

வாசகர்களே, வந்து சாட்சி நில்லுங்கள்! குழந்தைகள் திறக்க முடியாத மருந்துமூடிக்காக ஆறாண்டு பாடுபட்டு ஒரு வார்ப்பு அச்சை உருவாக்கியவள் ஒரு பட்டறைக்காரி. அந்த அச்சையே விழுங்கும் ஒப்பந்தத்தோடு அவள் எதிரே அமர்ந்திருந்தார் மருந்துக் கம்பெனியின் மேலாளர்.

“ஒன்பதாவது விதியில, அச்சு உங்களுக்குச் சொந்தம்னு போட்டிருக்கே சார்?”

“எல்லாரும் கண்ணை மூடிட்டுப் போடுற கையெழுத்துதாம்மா. அஞ்சு நிமிஷம் தரேன். இல்லேன்னா ஆர்டர் அடுத்த பட்டறைக்குப் போயிடும்.”

அவள் பேனாவை வாங்கி, இரண்டு பிரதிகளின் மீதும் நெடுநேரம் குனிந்திருந்தாள். ஒரு கையெழுத்துக்கு உயில் எழுதும் நேரமா என்று மேலாளர் உள்ளூர நகைத்தபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“போட்டுட்டேன் சார். நீங்க ஒரு தடவை படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க.”

“நான் எழுதினதை நானே படிக்கணுமாக்கும்!”

சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டு முத்திரையும் குத்தினார். தம் பிரதியைப் பைக்குள் வைக்கும்போதுதான் கண்ணில் பட்டது: ஒன்பதாம் விதி குறுக்கே அடிக்கப்பட்டிருந்தது. அருகில் அவள் எழுத்து: ‘அச்சு பட்டறைக்கே சொந்தம்.’

“இது செல்லாது!”

“நீங்க கேட்டதுக்கு நான் ஒத்துக்கலை சார். மாத்திக் கேட்டேன், நீங்க ஒத்துக்கிட்டீங்க. முத்திரைகூட இன்னும் காயலை, பாருங்க.”

சாட்சி நின்றவர்களே, நாளை உங்கள் முன்னும் ஒரு தாள் நீட்டப்படும். கடைசி வரிவரை படியுங்கள். உங்கள் உரிமையைத் தின்னும் வரியை அடித்த பிறகே கையெழுத்திடுங்கள்!