பந்துக்குப் பயப்படு

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் புல்வெளியில் நடந்த படப்பிடிப்பில், விண்வெளி ராட்சசனுக்குப் பதிலாக, கம்பு நுனியில் டென்னிஸ் பந்தைச் செருகித் தூக்கிப் பிடித்தபடி உதவியாளன் டேரன் நின்றிருந்தான்.

“பந்தைப் பார்த்தா சிரிப்புதான் வருது ஹாமிஷ்,” என்றாள் நாயகி டெகன்.

“ராட்சசனைக் கம்ப்யூட்டர்ல செஞ்சுக்கலாம். ஜனங்க அதுக்குப் பயப்பட மாட்டாங்க, நீ பயந்தாதான் பயப்படுவாங்க. இது பத்தொன்பதாவது டேக். இதுலயும் சொதப்பினா நாளைக்கு வேற ஆள்,” என்றார் இயக்குநர் ஹாமிஷ்.

கேமரா ஓடியது. டெகனின் முகம் சட்டென்று வெளுத்தது. “அசையாதே,” என்றாள்.

‘கிட்ட வராதே’ என்பதுதான் வசனம். ஆனாலும் ஹாமிஷுக்குப் புல்லரித்தது.

“கட். பிழைச்சே டெகன், இதுதான் படம். டேரன், கம்பைப் போட்டுட்டு டீ குடிக்க வா.”

டேரன் உதட்டை மட்டும் அசைத்தான்.

“என் பூட்ஸ் மேல கிடக்குற பாம்பு முதல்ல போகட்டும் மச்சி.”